தூரிகை எடுத்துச் செல்வது என்ன

நீலக்குறிஞ்சியைப் பற்றிய ஒரு சிறு பதிவில், ஒரே பத்திக்குள் நான்கு வகையான எழுத்துத் தோற்றங்கள் வர வேண்டியிருக்கிறது. செடியின் தமிழ்ப்பெயர் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்னும் அதன் தாவரவியல் பெயர் ரோமன் எழுத்தில், சாய்வாக, பேரினப் பெயரின் முதலெழுத்து மட்டும் பெரிதாக வர வேண்டும். அடுத்து வரும், பெயரிட்ட அறிஞர்களின் பெயர்ச்சுருக்கம் சாயக் கூடாது. அக்காந்தேசி என்னும் குடும்பப்பெயரைச் சற்றுச் சிறிய எழுத்தில் நிறுத்துவது என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். அதன் பிறகுதான், அது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பதும், 2006லும் 2018லும் இந்த மலைகளில் பூத்ததும், 2030இல் மீண்டும் எதிர்பார்க்கப்படுவதும் சாதாரண எழுத்தில் தொடர்கின்றன.

கொடைக்கானலில் நண்பர்கள் சிலர் சேர்ந்து தொகுத்துவரும் சோலைக்காட்டுத் தாவரக் கையேட்டுக்குப் பக்கம் அமைக்கும் வேலை என்னுடையது. பண்ணைக்காட்டிலிருந்தும் தாண்டிக்குடியிலிருந்தும் பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் வரும் பதிவுகளை ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பதிவைச் சரியாக அமைத்துவிட்டு, அதன் தோற்றத்தை மற்றவற்றின் மீது படியெடுத்துவிடலாம் என்பதே இந்த வேலையில் எவருக்கும் முதலில் தோன்றும் வழி. வேர்டு மென்பொருளின் முகப்பு நாடாவில் தூரிகைப் படத்தோடு இருக்கும் ஃபார்மட் பெயின்டர் இதற்காகவே அமைந்தது. லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலும் கூகுள் டாக்ஸிலும் அதே தூரிகை வேறு பெயர்களில் இருக்கிறது. டி.டி.பி. கடைகளில், "பிரஷ்ஷை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிடுங்க, முடிஞ்சுது" என்பார்கள். அந்த ஓர் இழுப்பில் எவையெல்லாம் இடம் மாறுகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். தூரிகை, நம் கண்ணுக்குத் தெரிகிறதைவிட அதிகமாகவே எடுத்துச் செல்கிறது என்பதும், தமிழ்ப் பக்கங்களில் அந்தக் கூடுதல் சுமை இன்னும் பெரியது என்பதும் என் அனுபவம்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். வேர்டு மென்பொருள், வடிவமைப்பை இரண்டு அடுக்குகளாக வைத்திருக்கிறது. எழுத்துருவின் பெயர், அளவு, தடிமன், சாய்வு, நிறம் ஆகியவை எழுத்துகளோடு ஒட்டியவை. வரி இடைவெளி, ஓரத்து உள்தள்ளல், பத்திக்கு மேலும் கீழும் விடும் இடம், இருபுறச் சீரமைப்பு, எண்ணிடல் ஆகியவை பத்தியோடு ஒட்டியவை. பத்தியைச் சார்ந்த செய்திகள் அனைத்தும், அந்தப் பத்தியின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பத்திக்குறியில் தங்கியிருக்கின்றன. கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகியவற்றோடு 8ஐ அழுத்தினால் அந்தக் குறிகள் வெளியே தெரியும். தூரிகையை எடுக்கும் முன், ஒரு பத்தியின் நடுவில் சில சொற்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் எழுத்தின் தோற்றம் மட்டுமே அதில் ஏறும். பத்திக்குறியையும் சேர்த்து முழுப் பத்தியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் ஏறும். மூன்றே சொற்கள் உள்ள ஒரு தலைப்பைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுக்கும்போது, பத்திக்குறி அதற்குள் அகப்பட்டதா இல்லையா என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே வேலையை இருமுறை செய்து இரு வேறு விளைவுகள் வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

லிப்ரே ஆபிஸில் ஏற்பாடு வேறு. அங்கே தூரிகை இயல்பாக எழுத்தின் தோற்றத்தை மட்டும் இடுகிறது. பத்தியின் அமைப்பும் வேண்டுமானால் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு சொடுக்க வேண்டும். பத்தியின் அமைப்பு மட்டும் போதுமானால் ஷிஃப்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். எதை எடுக்கிறோம் என்பதைப் பயனரின் கையே சொல்ல வேண்டியிருப்பதால், இந்த ஏற்பாடு வேர்டைவிடத் தெளிவானது என்று நான் நினைக்கிறேன். இரண்டிலுமே, தூரிகையை இருமுறை சொடுக்கினால் அது கையில் தங்கும். எஸ்கேப் விசையை அழுத்தும்வரை வரிசையாக எத்தனை இடங்களிலும் பூசிக்கொண்டு போகலாம். விசைப்பலகையிலேயே வேலை செய்கிறவர்களுக்கு, வேர்டில் நெடுங்காலமாகக் கன்ட்ரோல், ஷிஃப்ட், சி என்பது தோற்றத்தை எடுக்கவும், கன்ட்ரோல், ஷிஃப்ட், வி என்பது அதை இடவும் பயன்பட்டன. அண்மைப் பதிப்புகளில் ஷிஃப்டின் இடத்தில் ஆல்ட் வந்துவிட்டது. கூகுள் டாக்ஸிலும் ஆல்ட்தான். பழைய பழக்கத்தில் விரல் போகிறவர்கள், தோற்றத்துக்குப் பதிலாக வெறும் உரை வந்து விழுவதைக் கண்டு திகைக்க வேண்டாம். விசைகளின் பொருள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கருவியின் பின்னால் இருக்கும் எண்ணம் இன்றையது அன்று. 1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் என்னும் கணினியில், நகர்த்துவதற்கும் படியெடுப்பதற்கும் அழிப்பதற்கும் தனித்தனி விசைகள் இருந்ததைப் போலவே, ஒரு பொருளின் பண்புகளை மட்டும் மற்றொன்றுக்குப் படியெடுப்பதற்கும் விசைப்பலகையிலேயே தனி விசை இருந்தது. உரை வேறு, அதன் பண்பு வேறு என்பதையும், பண்பை மட்டும் தனியே தூக்கிக்கொண்டு போகலாம் என்பதையும் அதை வடிவமைத்தவர்கள் அப்போதே முடிவு செய்திருக்கிறார்கள். ஆங்கிலத்தை மட்டும் எழுதுகிறவருக்கு அந்தப் பிரிவினை பெரும்பாலும் பொருந்துகிறது. தமிழில், நீண்ட காலம் அது பொருந்தவில்லை.

காரணம், பழைய எழுத்துருக்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் கொடுக்கும் யுனிகோடு என்னும் பொதுமுறை, தன் முதல் பதிப்பில் 1991இலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. தமிழ்நாடு அரசு அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது 2010இல். இடைப்பட்ட காலத்திலும், அச்சகங்களைப் பொறுத்தவரை அதற்குப் பின்னரும், தமிழ் என்று நாம் திரையில் கண்டது பல கோப்புகளில் உண்மையில் ஆங்கில எழுத்துகளே. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால், கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. ஜே இருக்கும் இடத்தில் 'த' என்னும் வடிவத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. அதாவது, அந்தக் கோப்பில் எழுத்துருவின் பெயர் அலங்காரம் அன்று. எழுதியது தமிழ் என்பதற்கு உள்ள ஒரே ஆதாரம் அதுதான்.

பண்ணைக்காட்டிலிருந்து எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இன்றும் அப்படித்தான் தட்டச்சு செய்கிறார். அவருடைய பதிவின் மீது, எங்களுக்கு உதவ வந்த கல்லூரி மாணவர் ஒருவர் யுனிகோடில் அமைந்த வேறொரு பதிவின் தோற்றத்தைத் தூரிகையால் இட்டார். காட்டுப்பூவரசைப் பற்றிய இரண்டு பக்கமும் ஒரு நொடியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக மாறின. மறுபார்வைக்காக அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்ற ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, நான் அனுப்பினது தமிழ்லதானே இருந்துச்சு? இப்ப ஏன் இங்கிலீஷாத் தெரியுது?"

"எழுத்து ஒண்ணும் அழியலைங்க ஐயா. ஃபான்ட் மட்டும் மாறியிருக்கு. பழைய ஃபான்ட்டை வச்சா அப்படியே திரும்ப வந்துரும்" என்று சொன்னேன்.

அது உண்மைதான். தூரிகை அங்கே எழுத்தைத் தொடவில்லை. தமிழாகக் காட்டிக்கொண்டிருந்த எழுத்துருவைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டியது. இத்தகைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றும் முன் அவற்றின் தோற்றத்தில் கைவைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆசிரியரின் பதிவில் தமிழும், ரோமன் எழுத்தில் அமைந்த தாவரவியல் பெயர்களும் கலந்திருக்கின்றன. கோப்பின் உள்ளே இரண்டுமே ஆங்கில எழுத்துகள். எந்தப் பகுதி பாமினியில் இருக்கிறது, எந்தப் பகுதி டைம்ஸ் எழுத்துருவில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று தெரியும். முதலில் தோற்றத்தைச் சுத்தம் செய்துவிடலாம் என்று கன்ட்ரோலையும் இடைவெளிப்பட்டையையும் அழுத்தி எல்லா எழுத்து வடிவமைப்பையும் நீக்கிவிட்டால், அந்த வேறுபாடு அழிந்துவிடும். பிறகு மாற்றி மென்பொருளுக்குக் கொடுத்தால், ரோடோடென்ட்ரான் என்னும் பெயரும் ஏதோ தமிழ் எழுத்துகளாக உருண்டு திரண்டு வெளியே வரும். ஆகவே, முதலில் பாமினிப் பகுதிகளை மட்டும் யுனிகோடாக மாற்றி, அதன் பின்னரே தோற்றத்தைக் கவனிப்பது என்று வைத்துக்கொண்டோம்.

யுனிகோடுக்கு வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா என்றால், இல்லை. வேர்டு தமிழைச் சிக்கல் வரிவடிவங்களில் ஒன்றாகக் கருதுகிறது. அரபு, எபிரேயம், இந்திய மொழிகள் ஆகியவை இந்த வகையில் வருகின்றன. இவற்றுக்கென்று எழுத்துரு, அளவு, தடிமன், சாய்வு ஆகிய நான்கையும் அது தனியாகக் குறித்து வைக்கிறது. லத்தீன் எழுத்துகளுக்கு, அதாவது ரோமன் எழுத்துகளுக்கு, இதே நான்கும் வேறாக உண்டு. எழுத்துரு அமைப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தால், தமிழை இயக்கிவைத்த கணினிகளில் இந்த இரண்டு பகுதிகளும் மேலும் கீழுமாகத் தெரியும். லிப்ரே ஆபிஸிலும் மேற்கத்திய எழுத்து, ஆசிய எழுத்து, சிக்கல் அமைப்பு எழுத்து என்று மூன்று பிரிவுகள் உள்ளன. தமிழ் மூன்றாவதில் வருகிறது. ஒரே வரியில் தமிழ் 12 புள்ளியிலும் அதை அடுத்துள்ள தாவரவியல் பெயர் 11 புள்ளியிலும் நிற்கலாம். அவ்விரண்டும் ஒரே தேர்வுக்குள் இருந்தாலும் ஒன்றின் அளவு மற்றொன்றைக் கட்டாது.

இந்த இரட்டைக் கணக்கு தெரியாததால்தான், "நான் வேறு எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தும் லதா எழுத்துருவே வருகிறது" என்ற முறையீடு எழுகிறது. வேர்டின் இயல்பான கருப்பொருள் (தீம்) அமைப்பில் தமிழுக்கு லதா என்று எழுதப்பட்டிருக்கிறது. நாம் மாற்றியது லத்தீன் பகுதியின் எழுத்துருவை மட்டும் என்றால், தமிழ்ப் பகுதி அந்த இயல்பு அமைப்பையே தொடர்ந்து பின்பற்றும்.

இப்போது தூரிகைக்கு வருவோம். நாம் தேர்ந்தெடுத்த மூலச் சொல் தமிழ்ச்சொல்லாகவே இருந்தாலும், தூரிகை தமிழ்ப் பகுதியின் அமைப்பை மட்டும் எடுப்பதில்லை. அந்த இடத்தில் லத்தீன் எழுத்துக்கு என்ன அமைப்பு குறிக்கப்பட்டிருக்கிறதோ அதையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. பூம்பாறையில் மலைப்பூண்டைப் பிடுங்கும்போது வேரோடு ஒட்டிய மண்ணும் கூடவே வருவதைப் போன்றது இது. தமிழ்ச்சொல்லில் லத்தீன் எழுத்து எதுவும் இல்லாததால் அந்த அமைப்பு அங்கே கண்ணில் படாது. இலக்குப் பத்தியில் ஒரு தாவரவியல் பெயர் இருந்தால்தான் அது வெளிப்படும். இதில் மிக விசித்திரமானது, பழைய பாமினிக் கோப்பிலிருந்து யுனிகோடுப் பத்திக்குத் தூரிகை இடுவது. அங்கே தமிழ் அப்படியே இருக்கும். ஏனெனில் பாமினி ஏறியது லத்தீன் பகுதியில் மட்டுமே. ஆனால் பத்தியின் நடுவிலிருக்கும் ஆங்கிலப் பெயர் மட்டும் படிக்க முடியாத தமிழ் எழுத்துகளாகத் தோன்றும். முன்பு சொன்ன விபத்தின் மறுபக்கம் இது. இரண்டையும் ஒரே நாளில் காண்கிறவர், கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

சாய்வெழுத்தைப் பற்றியும் ஒரு சொல். தாவரவியல் பெயரைச் சாய்த்து எழுதுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அதற்காக டைம்ஸ் போன்ற எழுத்துருக்களில் தனியே வரையப்பட்ட சாய்வு வடிவம் உண்டு. லதாவிலோ நிர்மலா எழுத்துருவிலோ அப்படிப்பட்ட தமிழ் வடிவம் இல்லை. தமிழில் சாய்வு கேட்டால், மென்பொருள் நேரெழுத்தையே ஒரு பக்கமாகத் தள்ளிக் காட்டுகிறது. றகரமும் ணகரமும் அப்போது அடையும் கோணல் அழகாக இல்லை என்பதோடு, சிறிய அளவில் படிக்கவும் தடையாகிறது. தாவரவியல் பெயரிலிருந்து எடுத்த தூரிகையைத் தவறி ஒரு தமிழ்த்தொடர் மீதும் இழுத்துவிட்டால், இந்தக் கோணல் வந்து சேரும். தமிழில் அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்தோ ஒற்றை மேற்கோளோ போதும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம்.

பத்தி அடுக்கில் ஏற்படும் தொல்லைகளில், வரி இடைவெளியால் வருவதே எங்களுக்கு அதிகம். ஆங்கிலக் கட்டுரைகளை அமைக்கிறவர்கள் சிலர் வரி இடைவெளியை 'மிகச்சரியாக 12 புள்ளி' என்று கட்டிவைப்பார்கள். ஆங்கிலத்துக்கு அது போதுமானதாக இருக்கலாம். அந்தப் பத்தியின் அமைப்பைத் தூரிகையால் தமிழ்ப் பத்தியில் இட்டால், 'கீ', 'தீ' ஆகியவற்றின் மேற்சுழி திரையில் வெட்டுப்படும். 'மு', 'ழு' ஆகியவற்றின் கீழ்ப்பகுதி அடுத்த வரியில் போய் இடிக்கும். தமிழுக்கு 'குறைந்தது இவ்வளவு' என்றோ மடங்காகவோ இடைவெளியைக் கொடுப்பதே நல்லது. இருபுறச் சீரமைப்பும் அப்படித்தான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒட்டுகளும் சந்தியும் சேர்ந்து இன்னும் நீளும். அகலம் குறைந்த பத்தியில் அவற்றை இருபுறமும் சீராக நிறுத்த முயன்றால், மூன்று சொற்களே உள்ள வரியில் இரண்டு பெரிய ஓட்டைகள் தெரியும். இரண்டு நெடுவரிசையாக வரும் பக்கங்களில் நாங்கள் இடப்புறச் சீரமைப்போடு நிறுத்திக்கொண்டோம்.

எண்ணிட்ட பத்திகளிலிருந்து தூரிகை எடுப்பதும் கவனம் தேவைப்படும் வேலை. எண்ணின் தோற்றம் மட்டும் வருவதில்லை. இலக்குப் பத்தியும் அதே பட்டியலின் உறுப்பாகிவிடுகிறது. ஏழாம் பக்கத்தில் புதிதாகத் தொடங்க வேண்டிய வரிசை, மூன்றாம் பக்கத்துப் பட்டியலின் தொடர்ச்சியாக எண் பெறுவது இதனால்தான். அங்கே வலச்சொடுக்கிட்டு எண்ணிடலை 1இலிருந்து தொடங்கச் சொன்னால் சரியாகிவிடும்.

இனி, இத்தனை தொல்லைக்கும் மாற்றாக எல்லா மென்பொருள் கையேடுகளும் சொல்லும் ஸ்டைல்களை, அதாவது பெயரிட்டுத் தொகுத்துவைத்த வடிவமைப்புகளை, பற்றிச் சொல்ல வேண்டும். தூரிகைக்கும் ஸ்டைலுக்கும் உள்ள வேறுபாடு வேகத்தில் இல்லை. 'இது அதைப் போல இருக்கட்டும்' என்பதற்கு மேல் தூரிகைக்கு எதுவும் தெரியாது; ஒரு முறை பூசியபின் மூலத்துக்கும் இலக்குக்கும் உறவு அறுந்துவிடும். ஸ்டைலோ 'இது ஒரு தாவரவியல் பெயர்' என்ற காரணத்தையே கோப்புக்குள் எழுதிவைக்கிறது. காரணம் பதிவாகியிருந்தால், தோற்றத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் கோப்பில் 'பதிவுரை' என்று ஒரு பத்தி ஸ்டைலும், 'செடிப்பெயர்', 'தாவரவியல் பெயர்', 'குடும்பம்' என்று மூன்று எழுத்து ஸ்டைல்களும் வைத்தோம். ஸ்டைல்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெயர் தமிழில் இருந்தால், உதவிக்கு வருகிறவரிடம் விளக்கம் சொல்லும் வேலையும் குறைகிறது.

எழுத்து ஸ்டைல் என்று ஒன்று இருப்பதே பரவலாகத் தெரியாத செய்தி. தலைப்பு 1, தலைப்பு 2 போன்ற பத்தி ஸ்டைல்களோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். ஒரே பத்திக்குள் நான்கு தோற்றங்கள் கலந்து வரும் எங்கள் பதிவைப் போன்றவற்றுக்குப் பத்தி ஸ்டைல் மட்டும் உதவாது, தூரிகையும் உதவாது. கலந்த தோற்றங்கள் கொண்ட பத்தியை மூலமாக எடுத்து, இன்னொரு பத்தியின் மீது தூரிகையை இழுத்தால், முதலாவது சொல் தடிமனாகவும் அடுத்த இரண்டும் சாய்வாகவும் தாமே பிரிந்து நிற்கப் போவதில்லை. எந்தச் சொல் பெயர், எந்தச் சொல் குடும்பம் என்று தூரிகைக்கு எப்படித் தெரியும்? பதிவு முழுவதும் ஒரே தோற்றத்தில் தோய்ந்து வரும். முன்பு சரியாக இருந்த சாய்வும் போய்விடும்.

ஆனாலும், ஸ்டைலை மட்டும் போற்றித் தூரிகையை இகழும் போக்கோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிறர் எழுதி அனுப்பும் கோப்புகள் ஸ்டைல் ஒழுங்கோடு வருவதில்லை. வரும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. தாண்டிக்குடியிலிருந்து காப்பித் தோட்டத்து வேலைக்கு இடையில் கைபேசியில் எழுதி அனுப்புகிறவரிடம், எழுத்து ஸ்டைல் இட்டு அனுப்புங்கள் என்று சொல்ல முடியுமா? அவர் தாவரவியல் பெயரைச் சாய்த்து அனுப்பியதே பெரிய உதவி. அந்தச் சாய்வை ஒரு தடயமாகக் கொண்டு, தேடி மாற்றும் பெட்டியில் தேட வேண்டிய சொல்லின் இடத்தைக் காலியாக விட்டு, வடிவமைப்பு என்ற இடத்தில் சாய்வைக் குறித்து, மாற்றாகத் 'தாவரவியல் பெயர்' என்னும் ஸ்டைலைக் கொடுத்தால், வேர்டு சாய்ந்த இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டும். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றுவதை நான் தவிர்க்கிறேன். சிலர் நூல்களின் பெயரையும், சிலர் தமக்குப் பிடித்த தொடரையும் சாய்த்திருப்பார்கள். அவையெல்லாம் தாவரங்களாகிவிடக் கூடாது. தேடலுக்கு அகப்படாத, சாய்வே இல்லாமல் வந்த பெயர்களுக்குத் தூரிகை பயன்படுகிறது. மூலமாக எடுக்கும் சொல் ஏற்கெனவே எழுத்து ஸ்டைல் பெற்றதாக இருந்தால், தூரிகை அந்த ஸ்டைலையே எடுத்துச் சென்று இடும். வெறும் சாய்வை இடாது. தூரிகையை நான் விரும்பிப் பயன்படுத்துவது இந்த ஒரு முறையில்தான்.

கோப்புக்குக் கோப்பு உரையை ஒட்டும்போது இன்னொரு கேள்வி எழுகிறது. இரண்டு கோப்புகளிலும் 'தலைப்பு 1' என்ற ஸ்டைல் இருந்து, ஒன்றில் அது நீல நிறமாகவும் மற்றொன்றில் கறுப்பாகவும் இருந்தால் எது வெல்லும்? வேர்டின் இயல்பான அமைப்பில், போய்ச் சேரும் கோப்பின் வரையறையே வெல்லும். தொகுப்பு வேலைக்கு இது பெரிய வசதி. எழுதியவர் தம் கோப்பில் எந்த நிறம் வைத்திருந்தாலும், எங்கள் கோப்புக்குள் வந்ததும் தலைப்பு எங்கள் தோற்றத்தைப் பெறுகிறது. எழுதியவர் ஸ்டைலின் மேல் கையால் நேரடியாகச் செய்த மாற்றங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். மேம்பட்ட விருப்பங்கள் பகுதியில், ஒரே கோப்புக்குள் ஒட்டுவதற்கும், வெவ்வேறு கோப்புகளுக்கிடையே ஒட்டுவதற்கும், பிற மென்பொருளிலிருந்து ஒட்டுவதற்கும் தனித்தனியாக முடிவு செய்துகொள்ளலாம். வலைத்தளத்திலிருந்து வரும் உரைக்கு 'உரை மட்டும்' என்பதை நிலையாக வைத்துவிடுவது நல்லது. அங்கிருந்து வரும் சாம்பல் பின்னணியும் இணைப்புகளும் ஒரு கையேட்டுக்குத் தேவையில்லை. ஆனால் தாவரவியல் பெயர்களின் சாய்வும் அதோடு போய்விடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மூன்றாவது வாய்ப்பான 'வடிவமைப்பை இணைத்தல்' என்பது, எழுத்துருவையும் அளவையும் இலக்குக்கு ஏற்ப மாற்றிவிட்டு, சொற்களுக்குத் தனித்தனியே கொடுத்த தடிமனையும் சாய்வையும் காப்பாற்ற முயல்கிறது. பங்களிப்பாளர்களின் கோப்புகளை நான் ஒட்டுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஸ்டைல்களை மட்டும் ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகவும் வழி உண்டு. வேர்டில் ஸ்டைல்களை நிர்வகிக்கும் பெட்டியின் கீழே உள்ள இறக்குமதி, ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தினால், இரண்டு கோப்புகளின் ஸ்டைல் பட்டியல்களும் அருகருகே திறக்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து மறுபக்கம் அனுப்பலாம். லிப்ரே ஆபிஸில் வேறொரு கோப்பிலிருந்தோ வார்ப்புருவிலிருந்தோ ஸ்டைல்களை ஏற்றிக்கொள்ளலாம்.

வேர்டில் தூரிகையாலும் ஸ்டைலாலும் கொண்டுபோக முடியாதது பக்க அமைப்பு. எங்கள் கையேட்டின் இறுதியில், எந்தச் செடி எந்த மாதத்தில் பூக்கும் என்று காட்டும் பன்னிரண்டு நெடுவரிசை அட்டவணை இருக்கிறது. அது கிடைமட்டப் பக்கத்தில்தான் அடங்கும். காகித அளவு, ஓரம், பக்கத்தின் திசை, நெடுவரிசைகள் ஆகியவை, வேர்டில் ஒவ்வொரு பிரிவின் இறுதியில் வரும் பிரிவு முறிப்பில் தங்கியிருக்கின்றன. அந்த முறிப்பைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், அதற்கு முன்னுள்ள பக்கங்கள் அந்த அமைப்பைப் பெறும். அதை அழித்துவிட்டால், முன்னுள்ள பக்கங்கள் பின்னால் வரும் பிரிவின் அமைப்புக்குப் போய்விடும். அட்டவணைக்கு முன்னால் இருக்கும் முறிப்பைத் தேவையற்ற வெற்றுவரி என்று நினைத்து நீக்கினால், கட்டுரைகள் அனைத்தும் கிடைமட்டமாகத் திரும்பிவிடும்.

மதுரையில் உள்ள அச்சகம், ஏ4 அளவில் நாங்கள் அமைத்திருந்ததை டெமி 1/8 என்னும் சிறிய நூல் அளவுக்கு மாற்றிக் கேட்டபோது, ஸ்டைலால் அமைந்த இடங்களும் தூரிகையாலோ கையாலோ அமைந்த இடங்களும் தாமாகவே பிரிந்து தெரிந்தன. 'பதிவுரை' ஸ்டைலின் அளவைக் குறைத்ததும் அதைப் பின்பற்றிய பத்திகள் எல்லாம் சுருங்கின. மற்றவை பழைய அளவிலேயே துருத்திக்கொண்டு நின்றன. அவற்றைக் கண்டறிய, ஷிஃப்டோடு எஃப்1 விசையை அழுத்தினால் திறக்கும் வடிவமைப்பு வெளிப்பாட்டுப் பலகம் உதவியது. அதன் அடியில் உள்ள, ஸ்டைலின் மூலத்தைப் பிரித்துக் காட்டும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், கர்சர் இருக்கும் சொல்லின் எந்தப் பண்பு ஸ்டைலிலிருந்து வந்தது, எது நேரடியாக இடப்பட்டது என்று அது தனித்தனியே சொல்கிறது. நேரடியாக இடப்பட்டதை அந்தச் சொல்லில் மட்டும் நீக்கி, உரிய ஸ்டைலை இட்டோம். முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து ஒரே அடியாக நீக்கியிருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும் என்று தோன்றலாம்; தாவரவியல் பெயர்களின் சாய்வும் அதோடு சேர்ந்து போயிருக்கும். அப்படிப் பழைய அளவிலேயே நின்றவற்றில் பெரும்பாலானவை குடும்பப்பெயர்களே. கோப்பு முழுவதும் சரியான பிறகு, அச்சகத்தின் கணினியில் எங்கள் எழுத்துரு இருக்கும் என்று நம்பியிராமல், எழுத்துருக்களை உள்ளே பொதித்த பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினோம்.